வினையெச்சத்தில் நிற்கும் ஓகர்

எங்கள் மேஜை விளையாட்டில் அந்த ஓகர் ராட்சசன் செத்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும்தான் அதன் சாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாள் கழுத்தில் இறங்கியது, ரத்தம் பீறிட்டது, மலை சரிவதுபோல் சரிந்தது, தரை அதிர்ந்தது, மரத்திலிருந்த பறவைகளெல்லாம் கலைந்து பறந்தன என்று அடுக்கிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினேன். தம்பி செல்பேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை மகன் முறுக்கு டப்பாவின் அடியில் உடைந்த துண்டுகளைத் துழாவிக்கொண்டிருந்தான். ஓகரைக் கொன்றவரே எங்கள் ஆடிட்டர் மாமாதான். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "முடிஞ்சுதாப்பா? அடுத்து யாரு?" என்றார்.

பெங்களூரு அல்சூரில் என் வீட்டு மொட்டைமாடி அறை. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கொஞ்சம் தள்ளி மெட்ரோ பாலம் போகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை ரயில் போகும் சத்தம் கேட்கும். அன்றைக்கு என் வர்ணனையைவிட அந்த ரயிலுக்குத்தான் அதிகப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு பத்தி. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் டேபிள்டாப் ஆர்பிஜிகளுக்கெல்லாம், அதாவது மேஜையில் உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் கதை விளையாட்டுகளுக்கெல்லாம், மூத்த அண்ணன். ஒரு மேஜை, நாலைந்து பேர், காகிதம், பென்சில், பகடைகள். ஒருவர் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர், கதை நடத்துபவர்; எங்கள் மேஜையில் நான். உலகம், வானிலை, வில்லன், வழியில் வரும் டீக்கடைக்காரர் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். சண்டை வந்தால் 20 முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு உங்கள் பலத்தைக் கூட்டுவீர்கள். அது எதிரியின் ஏசியைத் தொட்டாலோ தாண்டினாலோ அடி விழுந்தது என்று அர்த்தம். ஏசி என்றால் ஆர்மர் கிளாஸ், எதிரியின் தற்காப்பு எண். முதல் நாள் மாமா "ஓகருக்கு ஏசி 11-ன்னா ரொம்பக் குளிருமே" என்றார். அந்த ஜோக்கை இன்றுவரை விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பகடை எண்ணைத்தான் தரும். "17, பட்டுடுச்சு, 9 டேமேஜ்" என்பது கணக்குப் பேரேட்டில் ஒரு வரி. அதைச் சண்டையாக்குவது வார்த்தை. அந்த வார்த்தையைப் பயமுறுத்தும்படி சொல்வது எப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடமும், இரண்டு மூன்று அவமானங்களும் தேவைப்பட்டன.

முதல் தவறு, நேரக்கணக்கு. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு ரவுண்ட் என்பது கதைக்குள் 6 நொடி. எங்கள் மேஜையில் ஆடுகிறவர்கள் ஐந்து பேர்: மாமா, அத்தை மகன், தம்பி, டீச்சர், சிஸ்டர் என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ். நாலு எதிரி என்று வையுங்கள். ரவுண்டுக்கு ஒன்பது முறை. ஒவ்வொரு அடிக்கும் நான் அரை நிமிடம் வர்ணித்தால் ஒரு ரவுண்டுக்கு நாலரை நிமிடம் என் பேச்சே போய்விடும். நாலு ரவுண்டுச் சண்டை, அதாவது கதைக்குள் 24 நொடி நடக்கிற சண்டை, என் வாயில் 18 நிமிடம். கல்யாண வீட்டில் பேச எழுந்த பெரியவரிடம்கூட அவ்வளவு நேரம் மைக்கைக் கொடுக்க மாட்டார்கள். இப்போது ஒரு சண்டைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று இடத்தில்தான் நின்று சொல்கிறேன். மற்றதெல்லாம் "பட்டுச்சு", "தப்பிச்சிட்டீங்க", "அடுத்து சிஸ்டர்". சும்மா வந்துபோகிற அடிகள் சும்மா போனால்தான் நிற்கவேண்டியது நிற்கும்.

ஆனால் நின்று எதைச் சொல்வது?

என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பக்கம் சுரங்க வேலை பார்த்தவர். லைன் வீடு. ஷிஃப்ட் இல்லாத சாயங்காலங்களில் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். சுரங்கம் 2001-ல் மூடியபோது ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியிருந்தது. கம்பு மட்டும் கதவுக்குப் பின்னால் சாத்தியே இருந்தது. கோடை விடுமுறையில் என்னையும் நிறுத்துவார். எதிரே ஒருவன் கம்பு சுற்றினால் கண் தானாகவே கம்பின் நுனிக்குத்தான் போகும். தாத்தா பின்னந்தலையில் ஒன்று வைப்பார். "கம்ப இன்னாடா பாக்குற? அவன் கால பாரு. கால் சொல்லாத சேதிய கம்பு சொல்லாது."

வெகுகாலம் அது சிலம்பத்துக்கு மட்டுமான பாடம் என்று நினைத்திருந்தேன். ஓகர் விஷயத்தில் நான் செய்ததும் கம்பின் நுனியைப் பார்த்ததுதான். வாள் எங்கே இறங்கியது, ரத்தம் எவ்வளவு தூரம் தெறித்தது என்பதெல்லாம் முடிந்துபோன சமாச்சாரம். முடிந்துபோனதற்கு யாரும் பயப்படுவதில்லை, அருவருப்பு வேண்டுமானால் படலாம். எதிரே இருப்பவன் இடது காலை அரையடி பின்னால் வைத்துப் பாதத்தை மண்ணில் அழுத்துகிறான் என்று சொல்லிப் பாருங்கள். மேஜையில் இருக்கும் ஐந்து பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்தேன். அடுத்த தடவை வந்தது ஒரு சாதாரண வழிப்பறிக்காரி. ரூல் புத்தகக் கணக்கில் ஓகரில் பாதிகூடத் தேறமாட்டாள். அவளைப் பற்றி இவ்வளவுதான் சொன்னேன்: "அவ கத்தியை எடுக்கல. கால்ல இருந்த கொலுசைக் கழட்டி, சத்தம் வராம துணில சுத்தி, இடுப்புல சொருகிக்கிறா." முறுக்கு டப்பா அசையவில்லை. "ஐயோ, இவ வேணாம்" என்றார் டீச்சர்.

இதற்கும் முன்னால் மொழிப் பிரச்சினை ஒன்று இருந்தது. எங்கள் மேஜையில் பேச்செல்லாம் தமிழ். தம்பி என்று நாங்கள் கூப்பிடும் பையன் கன்னடக்காரன், ஆனால் ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்ததால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். இருந்தும் சண்டை ஆரம்பித்தால் நான் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவேன். புத்தகம் ஆங்கிலம், நான் பார்த்துக் கற்றுக்கொண்ட இணைய ஆட்டங்கள் ஆங்கிலம். "மாங்காய் ஊறுகாய் போடலாமா, எலுமிச்சை போடலாமா" என்று பேசிக்கொண்டிருந்த அதே வாய் திடீரென்று வெள்ளைக்காரப் படத்து டிரெய்லர் குரலில் பேசினால் யாருக்குப் பயம் வரும்? சிரிப்புதான் வரும். அதை உணர்ந்து எதிர்ப்பக்கம் போனேன். "கொடியவனே, உன் ஆயுள் இன்றோடு முடிந்தது!" தொலைக்காட்சிச் சரித்திரத் தொடரில் அட்டை வாளோடு நிற்கும் துணைநடிகர் மாதிரி இருந்தது. அத்தை மகன் எழுந்து நின்று கைதட்டினான். அதைவிட அவமானம் ஏது.

சண்டையை நம் ஆட்கள் உண்மையில் எப்படிச் சொல்கிறார்கள்? தெருமுனையில் இரண்டு ஆட்டோக்காரர்களுக்குள் கைகலப்பு நடந்திருந்தால், பார்த்தவர் டீக்கடையில் அதை எப்படிச் சொல்வார்? நேற்று நடந்ததை இன்றைக்கு நடப்பதாகச் சொல்வார். "வர்றான்... வர்றான்... நேரா இவன்கிட்டயே வர்றான். பாத்தா, கையில ஒண்ணுமே இல்ல." இறந்தகாலம் கிடையாது. உவமை கிடையாது. அந்தப் 'பாத்தா' ஒரு திரைச்சீலை. அதை விலக்குவதற்கு முன்னால் ஒரு டீ உறிஞ்சல். எனக்கு வேண்டியிருந்த குரல் அந்த டீக்கடையில் இருந்தது. நான் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் குரலில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தமிழ் எனக்கு ஒரு ஆயுதத்தைச் சும்மா கையில் கொடுத்து வைத்திருப்பது தெரிந்தது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். ஆங்கிலத்தில் ஓகர் முதல் மூச்சிலேயே அடித்துவிடும், எதை, எங்கே, எதனால் என்பதெல்லாம் பிறகுதான். தமிழில் ஓகர், தடியை இரண்டு கையாலும் தூக்கி, தலைக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு அடி முன்னால் வைத்து, உங்கள் இடது தோளைப் பார்த்து... இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. தூக்கி, போய், வைத்து, பார்த்து எல்லாமே வினையெச்சம். பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட இலக்கணம். எச்சம் என்றால் மிச்சம். ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது, அது வந்தே தீரும், என்னவென்று தெரியாது. பயம் என்பது வேறு என்ன?

இப்போது செய்வது இதுதான். பெரிய அடி ஒன்று வரும்போது எச்சத்தில் நிறுத்துகிறேன். பகடையை மறைப்புக்குப் பின்னால் இல்லாமல், மேஜை நடுவில், எல்லாரும் பார்க்க உருட்டுகிறேன். அது உருளும் நேரம் முழுக்க ஓகரின் தடி அந்தரத்தில் நிற்கிறது. 18 விழுந்தால், "...இறக்குது." ஒரே சொல். 3 விழுந்தால், "...இறக்க வந்து, வேர் தடுக்கி, தடியை மரத்துல விடுது. மரம் ரெண்டாப் பிளக்குது." தப்பித்தவருக்கு அந்த மரத்தைப் பார்த்ததும் அடிபட்டவரைவிட வயிறு கலங்கும். தவறிய அடியை வீணாக்காதீர்கள் என்பேன். பட்ட அடிக்கு எண் இருக்கிறது, 2d8+4, அதாவது இரண்டு எட்டுமுகப் பகடையோடு 4 கூட்டி, சராசரி 13 கழித்துவிட்டு மறந்துவிடலாம். படாத அடிக்கு எல்லை இல்லை.

தம்பியிடம் இந்த எச்சக் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். "கன்னடத்துலயும் வினை கடைசிலதாண்ணா வரும். இதுல உங்களுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?" என்றான். வாஸ்தவம்தான். அன்றிலிருந்து அவன் முறை வரும்போது சில சமயம் கன்னடத்தில் நிறுத்துகிறேன். அல்சூர் ஓகருக்கு இரண்டு மொழியும் தெரியும்.

கரகத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்ப் பயத்தைப் பேசமுடியாது. கன்னடப் பஞ்சாங்கத்துச் சைத்ர பௌர்ணமி ராத்திரி, நகரத்பேட்டை தர்மராயசாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும். திகளர் சமூகத்தார் நடத்தும் திரௌபதி உற்சவம். கரகம் சுமப்பவர் பெண்கோலத்தில் வருவார், சுற்றிலும் வெறும் வாள் ஏந்திய வீரகுமாரர்கள். பத்து வயதில் அப்பாவும் அம்மாவும் கூட்டிப்போனார்கள். நள்ளிரவு தாண்டியும் பேட்டைச் சந்துகளில் கால் வைக்க இடமில்லை. அத்தனை வாள்களைப் பார்த்தும் எனக்குப் பயம் வரவில்லை, ஜிகினா மாதிரி அழகாகத்தான் இருந்தன. அப்போது அம்மா குனிந்து காதில் சொன்னார்: "கரகம் தலையிலேர்ந்து விழுந்துதுன்னா, அந்த வாளெல்லாம் அவர் மேலதான் பாயும்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வாள்களைப் பார்க்கவே இல்லை. அவர் பாதம் வைக்கும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகைக் கூம்பு கொஞ்சம் ஆடினாலும் தொண்டை வறண்டது. வாள் அங்கேயேதான் இருந்தது, நடுவில் ஒரு 'விழுந்தால்' வந்து சேர்ந்துகொண்டது.

மேஜையில் அந்த 'ஆல்' விகுதியை நான் நிறையச் செலவழிக்கிறேன். வில்லன் வந்து நிற்கும்போது, அவன் கையில் இருக்கும் சங்கிலி எவ்வளவு கனம் என்று சொல்வதில்லை. அவனுடைய சொந்த ஆட்களே அவனுக்கு வலப்பக்கம் ஒன்பது அடி காலியாக விட்டு நிற்கிறார்கள் என்கிறேன். ஏன் ஒன்பது அடி என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். சங்கிலியின் நீளம் அவர்கள் மனதில்தான் அளக்கப்படுகிறது.

பயத்தைப் பார்க்கிறவன் முகத்தில் காட்டும் இந்த வித்தை பழையதுதான். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பரணியாகப் பாடினார். கலிங்கத்துப்பரணியில் யானையும் குதிரையும் பேயும் கூழும் ஏராளம். எனக்குப் பிடித்தது தோற்று ஓடியவர்கள் வரும் இடம். துணி பறிபோய், தலைமயிரும் பறிபோய் நின்றவர்கள் "நாங்கள் சமணர்கள்" என்று சொல்லிப் பிழைத்தார்களாம். சிலர் வில்லின் நாணையே மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கையாடப் போகிற வழியில் மாட்டிக்கொண்டோம் என்றார்களாம். இன்னும் சிலர் யானைமணியைத் தாளமாகப் பிடித்துப் பாணர் ஆகிவிட்டார்கள். சோழப்படையின் ஒரு வெட்டுகூட அந்த வரிகளில் இல்லை. வில்நாண் பூணூல் ஆகிற அளவுக்கு ஒருவன் என்ன பார்த்திருப்பான் என்று நாம்தான் நினைத்துக்கொள்ளவேண்டும்.

இதில் ஒரு ரூல் சமாச்சாரமும் இருக்கிறது. எதிரியை மிரட்டுவதற்கு ஐந்தாம் பதிப்பில் இன்டிமிடேஷன் என்று ஒரு திறன். அது கவர்ச்சியோடு, அதாவது கரிஸ்மாவோடு கட்டப்பட்டிருக்கிறது. மாமாவின் கேரக்டர் ஆறரை அடி உயர வீரன், கரிஸ்மா 8, மிரட்டப்போனால் மைனஸ் 1. அத்தை மகனின் கேரக்டர் மூன்றடி உயரப் பாட்டுக்காரன், பிளஸ் 5. ஆக, வாசலில் நிற்கும் காவலாளி வீரனைப் பார்த்துச் சிரிப்பான், பாட்டுக்காரனைப் பார்த்து நடுங்குவான். இதற்குப் புத்தகத்திலேயே ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வெறும் உடல்பலத்தைக் காட்டி மிரட்டினால் கரிஸ்மாவுக்குப் பதில் பலத்தை வைத்து உருட்டச்சொல்லலாம். அதாவது என்ன செய்கிறாய் என்று சொல்வதைப் பொறுத்துத்தான் எண் மாறும். "நான் மிரட்டறேன்" என்றால் மைனஸ் 1. "அவன் ஈட்டியோட முனையைக் கையாலயே பிடிச்சு, அவன் கண்ணைப் பாத்துக்கிட்டே மெதுவா வளைக்கறேன்" என்றால் பிளஸ் 4. வர்ணனை அலங்காரம் இல்லை, அதற்குக் கூலி உண்டு என்று தெரிந்ததும் ஆட்டக்காரர்கள் தாங்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ஹிட் பாயிண்ட், அதாவது ஒருவர் எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கு, இன்னொரு இடறல். ஓகருக்கு 59. அதில் 9 போனால் என்ன ஆகிறது? நான் ஒவ்வொரு அடிக்கும் சதையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஆறு தடவை வயிறு கிழிந்த ஓகர் ஏழாவது தடவை நின்று சண்டை போட்டால் அதை யார் நம்புவது? ஹிட் பாயிண்ட் என்பது வெறும் உடம்பு இல்லை, திறமையும் அதிர்ஷ்டமும் எல்லாம் சேர்ந்தது என்று கைகாக்ஸ் 1979-ல் வந்த டிஎம் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். ஆகவே கடைசி அடி மட்டும்தான் சதை. அதற்கு முன்னால் குறைவதெல்லாம் மூச்சு, கால்பிடிப்பு, நம்பிக்கை. "தடி கேடயத்துல விழுது. கேடயம் தாங்கிடுச்சு. ஆனா உங்க விரல் மடங்க மாட்டேங்குது." 13 போனது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இதில் எனக்கு வாத்தியார் சிஸ்டர். ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் நர்ஸ். என் ரத்த ஊற்றுகளை நாலு வாரம் பொறுத்துக்கொண்டு ஐந்தாவது வாரம் சொன்னார்: "வெட்டுப்பட்டு வர்றவங்க பாதிப் பேரு கத்தவே மாட்டாங்கண்ணா. என் செருப்பு எங்கன்னு கேப்பாங்க." அந்த வார்த்தைக்குப் பிறகு எங்கள் மேஜையில் ஒரு அடியாள் விழுந்தான். விழுந்தவன் தன் செருப்பைத் தேடினான். யாரும் பேசவில்லை. மாமா கையில் எடுத்த முறுக்கைத் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டார்.

சிஸ்டர் இன்னொன்றையும் திருத்தினார். ஒரு பூதம் குகையிலிருந்து வெளியே வந்தபோது நான், "உங்களுக்கு முதுகுத்தண்டு சில்லுங்குது, கை நடுங்குது" என்றேன். "எனக்கு நடுங்கலையே" என்றார். அவருடைய கேரக்டர் இருபது வருடம் எல்லைக்காவலில் இருந்தவள். அவள் கை நடுங்குமா நடுங்காதா என்று முடிவுசெய்ய நான் யார்? 'பிரைட்டண்ட்', அதாவது பயந்துபோனவர், என்று விதிப்படி ஒரு நிலை இருக்கிறது. அதில் சிக்கினால் பயத்துக்குக் காரணமானதை நோக்கித் தானாக ஒரு அடிகூட நெருங்கமுடியாது, அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும் வரை இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுக்கவேண்டும். சேவிங் த்ரோ, அதாவது அதிலிருந்து தப்பிக்க உருட்டும் பகடை, தவறினால் அந்த விதியை நான் அமல்படுத்தலாம். ஆனால் அந்தப் பயம் எப்படி இருக்கிறது என்பதை அவரிடமே கேட்கவேண்டும். "நெருங்க முடியல. ஏன்?" என்று கேட்டேன் அடுத்த தடவை. "இதே மாதிரி ஒண்ணை முன்னாடி பாத்திருக்கேன். அன்னிக்கு எங்க கூட பன்னெண்டு பேர் இருந்தோம்" என்றார். நான் ஒரு வாரம் யோசித்திருந்தாலும் அப்படி ஒரு வரி வந்திருக்காது.

ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். காட்டில் ஓநாய்க் கூட்டம். கற்றதையெல்லாம் இறக்கினேன். குரைக்காமல் வருகின்றன, காது பின்னால் படிந்திருக்கிறது, முன்னால் நிற்பது நகரவில்லை, பக்கவாட்டில் இரண்டு புதருக்குள் நழுவி, பின்பக்கமாகச் சுற்றி... மேஜை அப்படியே உறைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது டீச்சர் எழுந்து வெளியே போய் மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் விடிகாலையில் பால் வாங்கப்போன இடத்தில் தெருநாய்கள் சுற்றிவளைத்துக் கடித்திருக்கின்றன. பல மாதம் அந்தத் தெருவுக்கே போகவில்லையாம். இதை அவர் எங்களிடம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, நான் முன்கூட்டியே கேட்டிருந்தால் போதும். என் காதுக்குப் பெருமையாகக் கேட்ட அந்த அமைதியில் ஒருவருடைய அமைதி வேறு ரகம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இப்போது மேஜை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை இருக்கிறது. யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே மாறும், காரணம் கேட்கக்கூடாது. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் வழக்கம்தான். ஏதோ மென்மையானவர்களுக்கான சமாச்சாரம் என்று நான் அதுவரை அலட்சியமாக இருந்தேன். எங்கள் கதையில் ஓநாய்கள் இல்லை. காட்டில் இப்போது கரடி இருக்கிறது, டீச்சர் அதை ரொம்ப ரசிக்கிறார்.

கடைசியாக மாமா. "17, 9 டேமேஜ், அடுத்து யாரு" மாமா. இரண்டு வருடம் அவர் மாறவே இல்லை. வர்ணிக்கச் சொன்னால், "அதெல்லாம் எனக்கு வராதுப்பா, நான் கணக்குப் பாக்கறவன்" என்பார். ஒருநாள் ஆட்டம் முடிந்து காபி குடிக்கும்போது கேட்டேன்: "மாமா, ஆடிட்டுக்குப் போனா உங்களைப் பாத்து எல்லாரும் பயப்படறாங்களே, என்ன பண்ணுவீங்க?" யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணும் பண்ண மாட்டேன். சத்தமே போட்டதில்ல. கட்டுலேர்ந்து ஒரு வவுச்சரை எடுத்துப் பாப்பேன். திரும்பக் கட்டுல வைக்காம, தனியா மேஜை ஓரமா வைப்பேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். அடுத்ததைப் பாப்பேன். சாயங்காலம் அவங்களே வந்து எல்லாத்தையும் சொல்லிடுவாங்க."

இந்த ஆளுக்கா நான் வர்ணனை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் இன்னொரு பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்திருந்தேன். 1981-ல் வந்த பேசிக் பதிப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் மொரேல், அதாவது மனவுறுதி, என்று ஒரு எண் இருக்கும். அவர்கள் பக்கம் முதல் ஆள் சாயும்போதும், பாதிப் பேர் விழும்போதும், இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டவேண்டும். அந்த எண்ணைத் தாண்டினால் அவர்கள் ஓடுவார்கள், அல்லது சரணடைவார்கள். கடைசி ஹிட் பாயிண்ட் வரை நின்று சாகிற எதிரியிடம் எந்த மிரட்டலும் செல்லாது. ஓடத் தெரிந்த எதிரியிடம்தான் செல்லும். எங்கள் மேஜையில் ஒரு சேர்க்கை: சாவு விழவேண்டிய அவசியம்கூட இல்லை, அவர்களை உலுக்கும்படி யாராவது எதையாவது செய்தால் அப்போதே உருட்டுவேன்.

போன மாதம். வெள்ளம் போகும் ஆற்றின் மேல் மரப்பாலம். நடுவில் ஐந்து பேர் சுங்கம் கேட்டு நிற்கிறார்கள், மொரேல் 8. எங்கள் கூட்டம் களைத்துப்போயிருந்தது. சிஸ்டருக்கு 6 ஹிட் பாயிண்ட்தான் பாக்கி, பாட்டுக்காரனிடம் மந்திரம் தீர்ந்துவிட்டது. சண்டை வந்தால் யாராவது ஒருவர் சாவது நிச்சயம். மாமா முறை.

"வாளை எடுக்கறீங்களா மாமா?"

"இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாலத்தோட நடுவுக்கு நடந்துபோறேன். நின்னு, கைப்பிடிக் கயித்தைத் தொட்டுப் பாக்கறேன். ஒரு பக்கம். அப்புறம் இன்னொரு பக்கம். அப்புறம் அவங்க தலைவனைப் பாத்துக் கேக்கறேன்."

"என்ன கேக்கறீங்க?"

"உங்க ஆளுங்கள்ல நீச்சல் தெரிஞ்சவங்க யாரு யாருன்னு."

தூரத்தில் மெட்ரோ ரயில் போனது. யாரும் திரும்பவில்லை. நான் இரண்டு பகடைகளையும் மேஜை நடுவில் உருட்டினேன். ஒன்றில் 4. மற்றது முறுக்கு டப்பாவில் மோதி, விளிம்பில் சுற்றி, தம்பியின் செல்பேசிமேல் ஏறி, சாய்ந்து...

5.

"ரெண்டு பேர் கை தூக்கறாங்க" என்றேன். "மத்த மூணு பேரும் திரும்பி நடக்க ஆரம்பிச்சாச்சு."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "முடிஞ்சுதாப்பா? அடுத்து யாரு?"